எதை ‘மிஸ்ட்ரான்ஸ்லேஷன்’ என்று சொல்லலாம்?

திருகோணமலையிலுள்ள ஓர் அலுவலகத்தின் அறிவித்தல் பலகையில் மூன்று பிழைகளைக் கண்டதாகவும், அவற்றை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஆங்கிலத்தில் முறையிட விரும்புவதாகவும், மூன்றையும் ‘மிஸ்ட்ரான்ஸ்லேஷன்’, அதாவது பிழையான மொழிபெயர்ப்பு, என்ற ஒரே சொல்லால் குறிப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் காட்டியவை இவை. பிற்பகல் 3 மணிக்குப் பின்னர் பணம் ஏற்கப்படமாட்டாது என்று ஆங்கிலத்தில் இருக்க, தமிழில் ‘கொடுப்பனவுகள் வழங்கப்படமாட்டாது’ என்றிருப்பது ஒன்று. ‘கட்டணம்’ என்பது ‘கட்டனம்’ என்று எழுதப்பட்டிருப்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் ‘ஓர்ஸ் ஹில்’ என்றிருக்கும் இடப்பெயர் தமிழில் ‘உவர்மலை’ என்றிருப்பது மூன்றாவது. இம்மூன்றில் முதலாவதற்கு மட்டுமே அந்தச் சொல் பொருந்தும். அதற்கும்கூட, ஒன்றைச் சரிபார்த்த பின்னரே அதனை எழுதலாம்.

சொல்லின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். ‘ட்ரான்ஸ்லேட்’ என்பது இலத்தீன் வழி வந்தது. ஒன்றை ஓரிடத்திலிருந்து அப்பால் கொண்டுசெல்வது என்பது அதன் வேர்ப்பொருள். ‘மிஸ்’ என்னும் முன்னொட்டு பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. செய்யப்பட்ட செயல் பிழையாகச் செய்யப்பட்டது என்பதை அது காட்டும். பிழையாக வாசித்தால் ‘மிஸ்ரீட்’, மேற்கோளைப் பிழையாகச் சொன்னால் ‘மிஸ்குவோட்’, எழுத்துக்கூட்டலில் பிழைத்தால் ‘மிஸ்ஸ்பெல்’. இந்த வரிசையில்தான் ‘மிஸ்ட்ரான்ஸ்லேட்’ என்ற வினையும் ‘மிஸ்ட்ரான்ஸ்லேஷன்’ என்ற பெயரும் நிற்கின்றன. பெயர்ச்சொல்லை எண்ணியும் வழங்கலாம், எண்ணாமலும் வழங்கலாம்: குறிப்பிட்ட ஒரு பிழையைச் சுட்டும்போது ‘எ மிஸ்ட்ரான்ஸ்லேஷன்’ என்றும், பல பிழைகளாயின் பன்மையிலும், பொதுவாக அந்தக் குற்றத்தைப் பேசும்போது முன்னடை இல்லாமலும் எழுதுவார்கள். பின்னால் வரும் இடைச்சொல்லையும் கவனியுங்கள். மூலத்தைச் சொல்லும்போது ‘ஆஃப்’ வரும். பிழையாகப் பெயர்க்கப்பட்ட வடிவத்தைச் சொல்லும்போது ‘அஸ்’ வரும். எந்த மொழிக்குப் பெயர்க்கப்பட்டது என்பதற்கு ‘இன்டு’.

இந்தச் சொல் யாரையும் நேரடியாகக் குற்றவாளியாக்குவதில்லை. அறியாமையால் நேர்ந்ததற்கும், கவனக்குறைவால் நேர்ந்ததற்கும், வேண்டுமென்றே செய்ததற்கும் இது பொதுவானது. வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று சொல்ல விரும்பினால் ‘டெலிபரேட்’ என்ற அடைமொழியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அதை நிறுவும் பொறுப்பும் உங்களுடையதாகிவிடும். முறைப்பாட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆனால் ஒன்றை இந்தச் சொல் கட்டாயமாகக் கோருகிறது: மூலம், பெயர்ப்பு என்று இரண்டு உரைகள் இருக்க வேண்டும். மூலத்தில் உள்ள பொருள் ஒன்றாகவும் பெயர்ப்பில் உள்ள பொருள் வேறொன்றாகவும் இருக்க வேண்டும். அந்த வேறுபாடு பெயர்த்தவரின் சொல்தேர்விலிருந்தோ மூலத்தை அவர் விளங்கிக்கொண்ட விதத்திலிருந்தோ பிறந்திருக்க வேண்டும். பெயர்ப்பை மட்டும் வாசித்துவிட்டு, தமிழ் கரடுமுரடாக இருக்கிறது என்பதற்காக இச்சொல்லை வழங்க முடியாது. கரடுமுரடான தமிழிலும் பொருள் பிசகாமல் இருக்கலாம். வழுவழுப்பான தமிழிலும் பொருள் முழுவதும் தலைகீழாகியிருக்கலாம். பின்னதே ஆபத்தானது, ஏனெனில் வாசிப்பவருக்கு ஐயமே எழாது.

இப்போது உங்கள் முதலாவது பிழைக்கு வருகிறேன். பணம் கட்டப் போகிற ஒருவர் மாலை மூன்றரை மணிக்கு அந்தப் பலகையைத் தமிழில் வாசித்தால், அலுவலகம் தருகின்ற கொடுப்பனவுகள்தாம் நின்றுவிட்டன, தான் கட்ட வந்த பணத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்து வரிசையில் நிற்பார். ஆங்கிலத்தில் வாசித்தவர் திரும்பிப் போய்விடுவார். ஒரே பலகை இருவரை இரண்டு விதமாக நடக்கச் செய்கிறது. மிஸ்ட்ரான்ஸ்லேஷனை இனங்காண இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘பேமண்ட்’ என்பது கொடுப்பது யார், வாங்குவது யார் என்று சொல்வதில்லை. உடன்வரும் வினையே திசையைத் தீர்மானிக்கிறது. நமது அலுவலகத் தமிழில் ‘கொடுப்பனவு’ என்றால் பெரும்பாலும் அலுவலகம் மக்களுக்குக் கொடுப்பதையே நினைப்போம். பெயர்த்தவர் பெயர்ச்சொல்லுக்கு அகராதி பார்த்து, வினைக்குத் தம் போக்கில் ‘வழங்குதல்’ என்று போட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது.

தோன்றுகிறது என்று சொல்வதற்குக் காரணமுண்டு. நீங்கள் தமிழை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகங்களிலிருந்து வருகின்ற அறிவித்தல்களிற் பல முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து தமிழும் ஆங்கிலமும் தனித்தனியாகப் பெயர்க்கப்படுகின்றன. அப்படியானால் தமிழுக்கு மூலம் சிங்களமே. ஆங்கிலம் அதற்கு உடன்பிறந்த இன்னொரு பெயர்ப்பு மாத்திரமே. சிங்களத்தில் ‘கொடுப்பனவு செய்யப்படமாட்டாது’ என்ற பொருளிலேயே எழுதியிருந்தால், தமிழ் பெயர்ப்பாளர் மூலத்துக்கு உண்மையாகவே நடந்திருக்கிறார். பிழை மூலத்தில் இருக்கிறது, ஆங்கிலக்காரர்தான் தம் புத்தியால் அதைத் திருத்தியிருக்கிறார். ஆகவே சிங்கள வாசகத்தை, அல்லது சிங்களம் நன்கு தெரிந்த ஒருவரை, முதலில் பாருங்கள். நமது ஊரில் அதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இங்கே சட்டத்தில் ஒரு நுணுக்கமும் உள்ளது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழியாகவும் பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியாகவும் தமிழ் பயன்படுத்தப்பட வேண்டும். அதாவது கிழக்கு மாகாணத்தில் உள்ள திருகோணமலையில் ஓர் அரச அறிவித்தலின் தமிழ் வாசகம் கொள்கையளவில் மூலமாகவே இருக்க வேண்டியது. அதைப் பெயர்ப்பு என்று நாம் எடுத்த எடுப்பிலேயே கருதிக்கொள்வது நடைமுறையைப் பார்த்துப் பழகிப்போன பழக்கம். முறைப்பாட்டில் இந்தக் கோணத்தையும் ஒரு வரியில் சேர்க்கலாம். சொற்குற்றத்தைவிட அது கனமானது.

இரண்டாவது பிழையில் அதிகம் சொல்வதற்கில்லை. ‘கட்டனம்’ என்பது எழுத்துப்பிழை. மூலத்தின் பொருளைப் பெயர்த்தவர் சரியாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார். எழுதியவரின் கையோ தட்டச்சோ பிசகியிருக்கிறது. பஸ் வண்டிகளில் ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தா’வுக்குப் பதிலாக ‘நா’ விழுந்து, ஆசனம் நாய்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்ட வேடிக்கை நாடறிந்தது. அதை எல்லாரும் மொழிபெயர்ப்புப் பிழை என்றே பகிர்ந்து சிரித்தார்கள். உண்மையில் அங்கே மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை. தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாத ஒருவர் அதை வடிவம் பார்த்து வரைந்ததால் வந்த வினை. இந்த வேறுபாட்டை வலியுறுத்துவது வெறும் சொல்லாராய்ச்சிக்காக அல்ல. மிஸ்ட்ரான்ஸ்லேஷன் என்றால் பெயர்ப்பாளரை மாற்ற வேண்டும். இதற்கோ அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்த்தாலே போதும். நோயைப் பிழையாகச் சொன்னால் மருந்தும் பிழையாகத்தான் வரும்.

மூன்றாவதில் உங்களோடு நான் முற்றிலும் முரண்படுகிறேன். உவர்மலை என்பது நமது ஊரில் வழங்கும் பெயர். ஓர்ஸ் ஹில் என்பது அதன் ஆங்கில வழக்கு. ‘உவர்’ முதலில் வந்ததா ‘ஓர்’ முதலில் வந்ததா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, இரண்டில் எதுவும் மற்றொன்றின் பொருளைப் பெயர்த்ததாக உரிமை கோரவில்லை. ஒலி ஒற்றுமையால் ஒரு மொழியின் பெயர் இன்னொரு மொழியில் பொருளுள்ள சொல்லாக மாறுவது எல்லா நாட்டிலும் நடப்பதே. ‘திருகோணமலை’யை ஐரோப்பியர் தம் வாய்க்கு ஏற்றபடி ‘ட்ரிங்கோமலி’ ஆக்கியது ஒலித்திரிபு. அதையும் யாரும் மிஸ்ட்ரான்ஸ்லேஷன் என்று சொல்வதில்லை. கோணேசர் கோயிலை ஒட்டிய மலைப்பிளவை நாம் இராவணன் வெட்டு என்கிறோம். அதே பாறை முகட்டை ஆங்கிலேயர் ‘லவர்ஸ் லீப்’, அதாவது காதலர் பாய்ந்த இடம், என்றார்கள். இரண்டும் இரண்டு கதைகள். ஒன்று மற்றொன்றின் பிழைபட்ட பெயர்ப்பு ஆகாது. இடப்பெயரில் கை வைக்கும் முன்னர் ஊராரைக் கேட்பது நல்லது.

உங்கள் கேள்வி இந்த மூன்றோடு நின்றாலும், இந்தச் சொல் உண்மையிலேயே அவசியமாகும் இடம் வேறு என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அகராதியைப் புரட்டினால் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும். ஆனால் முழுவதும் பிழையாக இருக்கும். இந்த வகைப் பிழைகள்தாம் விசாக்களையும் வழக்குகளையும் குழப்புகின்றன. பின்வரும் வாக்கியத்தைப் பாருங்கள்: “அப்பா கச்சேரியில் வேலை முடிஞ்சு, பின்னேரம் வெளிக்கிட்டு, ஆறுதலா வீட்டுக்கு வந்தவர்.” நமக்கு இதில் புரியாதது ஏதுமில்லை. தமிழ்நாட்டுத் தமிழை மட்டும் அறிந்த ஒருவர் வெளிநாடொன்றில் இதற்கு உரைபெயர்ப்பாளராக அமர்ந்தால், அப்பா ஒரு சங்கீத வித்துவானாகிவிடுவார். ‘வெளிக்கிட்டு’ என்பது வெளியே போனதாகிவிடும். ‘ஆறுதலாக’ என்பது மனம் தேறி வந்ததாகிவிடும். நம் பேச்சில் கச்சேரி என்பது மாவட்டச் செயலகம். வெளிக்கிடுதல் என்பது புறப்படுதல், சில வேளைகளில் உடுத்துத் தயாராதல்கூட. ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல். ‘பின்னேரம்’ என்பதை ஆங்கிலத்தில் பிற்பகல் என்று எழுதுவதா, மாலை என்று எழுதுவதா என்பதுகூடச் சாட்சியத்தில் ஒருவரின் நேரக்கணக்கைப் பொய்யாக்கக்கூடியது. மூலமொழி தமிழ் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த ஊர்த் தமிழ் என்று தெரிய வேண்டும்.

உறவுமுறைச் சொற்கள் இன்னும் கண்ணியாகும். ஒருவர் தம் பெரியம்மாவின் மகனை ‘அண்ணன்’ என்று சொல்வது நமக்கு இயல்பு. அதை ‘பிரதர்’ என்று பெயர்த்துவிட்டால், குடும்ப விபரப் படிவத்தில் இல்லாத ஒரு சகோதரன் நேர்காணலில் முளைத்துவிடுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு அது முரண்பாடாகத் தெரியும். ‘கஸின்’ என்று பெயர்த்தால் முரண்பாடு தீரும். ஆனால் அந்த உறவின் நெருக்கமும் வயது மூப்பும் ஆங்கிலத்தில் வராமல் போகும். முன்னதுதான் மிஸ்ட்ரான்ஸ்லேஷன். பின்னதற்கு ஆங்கிலத்தில் வேறு தொடர் உண்டு: ‘லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்’, பெயர்ப்பில் தொலைந்தது. தொலைந்ததற்குப் பெயர்ப்பாளரைக் குறைகூற முடியாது; இலக்கு மொழியில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுகிறவர்கள் மிகப் பலர்.

ஒரு வினைமுடிவின் வேறுபாட்டால் போர் வந்த வரலாறும் உண்டு. இத்தாலியும் எத்தியோப்பியாவும் 1889இல் வுச்சாலே என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதன் 17ஆவது உறுப்புரை, அம்ஹாரிக் மொழியில், எத்தியோப்பிய மன்னர் மற்ற அரசுகளோடு தாம் வைத்துக்கொள்ளும் தொடர்புகளை இத்தாலி மூலம் நடத்தலாம் என்றது. இத்தாலிய மொழியிலோ நடத்த வேண்டும் என்ற பொருளில் இருந்தது. தமிழில் ‘லாம்’, ‘வேண்டும்’ என்ற இரண்டு முடிவுகளுக்கு இடையிலான தூரமே அது. ஆனால் ஒரு வாசகத்தின்படி எத்தியோப்பியா சுதந்திர நாடு, மற்றதன்படி இத்தாலியின் காப்புநாடு. இரண்டாம் மெனலிக் மன்னர் உடன்படிக்கையை நிராகரித்தார். 1896 மார்ச்சில் அத்வாவில் நடந்த போரில் இத்தாலி தோற்றது. இது அறியாமையால் வந்ததா, சூழ்ச்சியால் வந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். இரண்டுக்கும் இடம்கொடுப்பதால்தான் மிஸ்ட்ரான்ஸ்லேஷன் என்ற சொல் இங்கே வசதியாக இருக்கிறது. போரில்லாத எடுத்துக்காட்டு வேண்டுமானால், 1877இல் செவ்வாய்க் கோளில் ஸ்கியாபரெல்லி என்னும் இத்தாலிய வானியலாளர் கண்ட ‘கனாலி’யைச் சொல்லலாம். இத்தாலியத்தில் இயற்கையான நீரோடைக்கும் அச்சொல் பொருந்தும். ஆங்கிலத்தில் அது வெட்டிய கால்வாயாகிவிட, அவற்றை வெட்டியவர்கள் யார் என்ற கேள்வி பல பத்தாண்டுகள் ஓடியது.

இதற்கு எதிர்ப்புறத்தில், மிஸ்ட்ரான்ஸ்லேஷன் என்ற பழியை வீணாகச் சுமக்கின்ற சொற்களும் நம்மிடையே உண்டு. நொத்தாரிசுகளின் பெயர்ப்பலகையில் ‘பிரசித்த நொத்தாரிசு’ என்று பார்த்துவிட்டு, இவர் அவ்வளவு புகழ்பெற்றவரா என்று கேட்பவர்களைக் கண்டிருக்கிறேன். ‘நோட்டரி பப்ளிக்’ என்பதன் ‘பப்ளிக்’தான் அங்கே ‘பிரசித்த’ ஆகியிருக்கிறது. ‘ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்’ என்பதற்கு வழங்கும் ‘சமாதான நீதவான்’ என்பதும் அப்படியே. அவர் வழக்கு விசாரிப்பவர் அல்லர் என்பது நாட்டில் எல்லாருக்கும் தெரியும். சட்டங்களில் ‘ஷல்’ என்ற ஆங்கிலத் துணைவினைக்கு ‘ஆதல் வேண்டும்’, ‘நிற்றல் வேண்டும்’ என்று எழுதுவதைப் புதியவர்கள் ஒரு விருப்பத்தைத் தெரிவிப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். சட்டத் தமிழில் அது கட்டளை. முதன்முதலில் பெயர்த்தவர் இன்னும் நல்ல சொல்லைத் தேடியிருக்கலாம் என்று நாம் சொல்லலாம். ஆனால் ஒரு சொல் துறையில் நிலைபெற்று, அதை வழங்குவோர் அனைவரும் அதனால் ஒரே பொருளை விளங்கிக்கொள்ளும்போது அது பிழை என்ற நிலையைக் கடந்துவிடுகிறது.

சட்டங்களின் இறுதியில் வரும் ஒரு பிரிவும் இதற்குப் பொருத்தமானது. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அது சொல்லும். அங்கே ‘மிஸ்ட்ரான்ஸ்லேஷன்’ என்ற சொல் வராது. ஆங்கிலத்தில் ‘இன்கன்சிஸ்டன்சி’ என்றே இருக்கும். சட்டத்தின் பார்வையில் இரண்டும் பாராளுமன்றம் ஆக்கிய உரைகள், ஒன்று மற்றதன் நகல் அல்ல. எனவே பிழை என்று ஒன்றைச் சுட்டாமல், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. (ஒத்துப்போகாதபோது எப்போதும் ஒரே பக்கம்தான் வெல்லும் என்பது வேறு விடயம்.) 2017இல் புதிய அரசியலமைப்பை வரைவதற்கான வழிப்படுத்தும் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கையில், ஒற்றையாட்சி அரசைக் குறிக்கும் ‘ஏக்கிய ராஜ்ய’ என்ற சிங்களத் தொடருக்கு இணையாகத் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்று எழுதப்பட்டபோதும் இரு பக்கத்திலும் மொழிபெயர்ப்பு மோசடி என்ற குரல் எழுந்தது. அந்தத் தேர்வை ஏற்பதும் மறுப்பதும் அரசியல். ஆனால் ஆங்கில வாசகத்திலும் அவ்விரு தொடர்களையும் பெயர்க்காமல் அப்படியே வைத்தவர்கள், தாம் செய்வது என்னவென்று தெரிந்தே செய்தார்கள். தெரிந்தே, வெளிப்படையாக, இணையென அறிவித்துவிட்டு வைத்த சொல்லை மிஸ்ட்ரான்ஸ்லேஷன் என்பது சரியாகாது.

நீங்கள் எழுதிய வரைவில் ‘மிஸ்டேக்கன்லி ட்ரான்ஸ்லேட்டட்’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதை மாற்றுங்கள். மொழிபெயர்த்திருக்கவே கூடாத ஒன்றைத் தெரியாமல் மொழிபெயர்த்துவிட்டார்கள் என்றும் அதற்குப் பொருள்கொள்ள முடியும். தமிழில் ‘தவறாகப் பெயர்க்கப்பட்டது’ என்பதற்கும் ‘தவறுதலாகப் பெயர்க்கப்பட்டது’ என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. ‘ராங் ட்ரான்ஸ்லேஷன்’ பேச்சுக்குச் சரி, கடிதத்துக்குச் சற்று இலேசானது. ‘ட்ரான்ஸ்லேஷன் எரர்’ பிழையில்லை. ஆனால் அது அகலமானது. விடுபட்ட வரி, மாறிய இலக்கம், ஒற்றுப்பிழை எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கத்தான் வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்தலாம், உவர்மலையை விட்டுவிட்டு. ‘ஹவுலர்’ என்பது சிரிப்பை வரவழைக்கும் அபத்தப் பிழை. பஸ் வண்டியின் ஆசனத்துக்குப் பொருந்தும், முறைப்பாட்டுக்குப் பொருந்தாது.

தமிழில் இதற்கு ஒற்றைச்சொல் இருக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். ‘பிழையான மொழிபெயர்ப்பு’ என்பதே போதுமானது. புதிதாக ஒன்றை உருவாக்கி அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், வழிநூல் வகைகளைச் சொல்லும்போது ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறது. அதர் என்றால் வழி, நெறி. நெறிப்படச் செய்வதே பெயர்ப்பு என்று அடைமொழியிலேயே அளவுகோலை வைத்துவிட்டார்கள்.

இனிக் கடிதம். அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. மொழிச் சட்டங்கள் மீறப்பட்டதாக வரும் முறைப்பாடுகளை விசாரிப்பது அதன் பணிகளில் ஒன்று, தமிழிலேயே நீங்கள் எழுதலாம். எந்த மொழியில் எழுதினாலும் பலகையின் படத்தை இணைத்து, சிங்கள வாசகத்தை முதலிலும் தமிழ் வாசகத்தை அடுத்ததாகவும் அப்படியே எழுதுங்கள். தமிழ் வாசகம் இப்போது தருகின்ற பொருள் என்ன, அதை நம்பி நடப்பவருக்கு என்ன நேரும் என்பதை ஒரு வாக்கியத்திலும், இருக்க வேண்டிய வாசகத்தை இன்னொரு வாக்கியத்திலும் சொல்லுங்கள்: “பிற்பகல் 3 மணிக்குப் பின்னர் பணம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.” ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்களானால், சிங்களத்தோடு ஒப்பிட்ட பின்னர், தமிழ் வாசகம் சிங்கள வாசகத்தின் ‘மிஸ்ட்ரான்ஸ்லேஷன்’ என்று ஒரே ஒரு முறை எழுதினால் போதும். ‘கட்டனம்’ விடயத்தை அந்தக் கடிதத்தில் சேர்க்காமல், பலகை இருக்கும் அலுவலகத்திலேயே நேரில் சொல்லிவிடுங்கள். ‘ன’வை ‘ண’ ஆக்குவதற்கு ஆணைக்குழு கூட வேண்டியதில்லை.